தொட்டியில் ஏறும் காரம்

19 ஆகஸ்ட் 2012, ஞாயிறு

காரத்தன்மை இன்றும் ஏறியிருக்கிறது. நான் சோடா உப்புக் கரைசல் விட்டு ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. விடாமலே எப்படி ஏறும்?

தொட்டித் தண்ணீரைச் சோதனைக் குழாயில் எடுத்து, சொட்டு மருந்தை ஒவ்வொன்றாக விட்டு, நீலம் மஞ்சளாகும் வரை எண்ணினேன். குழாயைக் கழுவிவிட்டு மறுபடி எண்ணினேன். அதேதான். பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டியில் இது நாளாக நாளாக இறங்கத்தான் வேண்டும். கண்ணாடியில் படரும் ஊதாப் பாசியும் ஓடு கட்டும் உயிர்களும் அதைத் தின்றுகொண்டே இருக்கும். நாம்தான் கொஞ்சம் கொஞ்சமாக ஈடு கட்ட வேண்டும். சிங்கப்பூரில் ஓட்டல் ஓட்டலாகப் போய் நான் பார்த்த வேலையே இதுதான். தானாக ஏறிய தொட்டியை நான் பார்த்ததில்லை.

ஊர் திரும்பி முன்னறையில் இதை வைத்தபோது தெருவே வந்து எட்டிப் பார்த்தது. பூ மாதிரி விரியும் கடல் சாமந்தி என்ற பிராணி ஒன்று, அதற்குள் குடியிருக்கும் கோமாளி மீன் ஜோடி, தோல் பவளம் ஒன்று, காளான் பவளம் ஒரு கொத்து. கல்லுப் பவளம் வைக்கச் சட்டம் இடம் கொடுக்காது, ஆசைப்படவும் இல்லை. நெல் விளையும் ஊரில் வைரக்கண்ணு வீட்டுக்குள் கடல் இருக்கிறது என்று என்னைப் பற்றிப் பேச்சு. எனக்கு அது பிடித்திருந்தது.

மத்தியானம் அண்ணன் வந்து வாசற்படியிலேயே நின்றார்.

"தம்பி, கிழக்கு வயலைப் பத்தி யோசிச்சியா?"

"யோசிக்க என்ன இருக்கு? இறால் குட்டைக்குக் குடுக்குற பேச்சே வேண்டாம்ணே."

"குத்தகைக்குத்தானே கேக்குறாங்க. கூட்டுப் பட்டா. உன் கையெழுத்து இல்லாம ஒண்ணும் நடக்காது."

அதற்கப்புறம் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். வழக்கமாக மீனைப் பார்ப்பார். இன்றைக்கு மேலே மூடியைப் பார்த்தார்.

22 ஆகஸ்ட், புதன்

ஏறிவிட்டதே என்று அவசரப்பட்டு இறக்கக் கூடாது. அமிலம், வினிகர் என்று எதையாவது ஊற்றி ஒரே நாளில் இறக்கினால் ஏற்றத்தில் பிழைத்தது இறக்கத்தில் செத்துவிடும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மாற்றிவிட்டுக் காத்திரு. வேலையில் சேர்ந்த புதிதில் கற்றுக்கொண்டது.

பின்கட்டில் போர் தண்ணீரை ஆர்.ஓ. இயந்திரத்தில் விட்டு நீல டிரம்மில் பிடித்து வைத்திருக்கிறேன். வெயிலில் தொட்டித் தண்ணீர் ஆவியாகக் குறைவதை அதிலிருந்துதான் ஈடு செய்கிறேன். அதே தண்ணீரில் கடலுப்புக் கலந்து, ஒரு நாள் முழுக்கச் சுழலவிட்டு, உப்பும் சூடும் தொட்டியோடு ஒத்து வந்த பிறகு கொஞ்சம் பழைய தண்ணீரை எடுத்துவிட்டு மெதுவாக ஊற்றினேன். இனி இறங்க வேண்டும்.

மின்வெட்டு இன்று காலையிலிருந்தே. இன்வெர்ட்டர் தாங்கியது. சார்ஜ் மிச்சமாகட்டும் என்று கொஞ்ச நேரம் அதையும் நிறுத்திவிட்டு, குவளையால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக் காற்று கலக்கவிட்டேன். அண்ணி அகிலாண்டம் துணி காயப்போடப் போகிற வழியில் நின்று சிரித்தார். "மீனுக்குத் தலைக்குத் தண்ணி ஊத்துறீங்களா தம்பி?"

25 ஆகஸ்ட், சனி

இறங்கவில்லை. ஏறியிருக்கிறது.

அதுமட்டுமில்லை. தண்ணீரைச் சுழற்றும் மோட்டார் மேலும் கண்ணாடி ஓரத்திலும் வெள்ளையாகச் சொரசொரவென்று ஏதோ படிந்திருக்கிறது. நகத்தால் சுரண்டினால் மாவாக வருகிறது. தோல் பவளம் விரல்களை உள்ளே இழுத்துக்கொண்டு ஈர மண்கட்டி மாதிரி உட்கார்ந்திருக்கிறது.

சாயங்காலம் அண்ணன் வயலிலிருந்து வந்தார். வேட்டி முழங்கால் வரை வெள்ளைப் பொடி. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டுத் தட்டிவிட்டார்.

"என்னண்ணே அது, சுண்ணாம்பா?"

"என்னமோ. வரப்புல கெடந்துது, ஒட்டிக்கிச்சு."

வரப்பில் வெள்ளைப் பொடி எதற்குக் கிடக்கிறது? இறால் குட்டைக்குத்தான் மூட்டை மூட்டையாகச் சுண்ணாம்பு போடுவார்கள். குத்தகைக்கே நான் ஒப்பவில்லை. அதற்குள் சுண்ணாம்பு வந்துவிட்டதா? வந்தது வயலோடு நின்றதா, இல்லை, என் முன்னறை வரைக்கும் வந்ததா?

27 ஆகஸ்ட், திங்கள்

அண்ணி அடுப்படியில் ஆப்ப சோடா பாக்கெட் — ஒன்றிரண்டில்லை. காலி உறைகள் ஒரு கொத்து. இந்த வீட்டில் ஆப்பம் சுட்டு எத்தனை மாதம் ஆகிறது?

31 ஆகஸ்ட், வெள்ளி

சந்தேகம் வந்தால் அதை எழுதிப் பார்த்துவிட வேண்டும். எழுதினால் சில நேரம் அற்பமாகத் தெரியும்.

வீடு ஒன்று, அடுப்பு இரண்டு. முன்பாதி எங்களுக்கு, பின்பாதி அண்ணனுக்கு. முன்னறையைத் தாண்டித்தான் எல்லாரும் தெருவுக்குப் போக வேண்டும். நான் வெளியே போகிற நேரத்தில் தொட்டி மூடியைத் திறந்து ஒரு கரண்டி சோடா போட எவ்வளவு நேரமாகும்? சோடாதான் காரத்தை ஏற்றும். நான் பயன்படுத்துவதும் அதேதான், அளவோடு.

ஏன் செய்ய வேண்டும்? போன மாதம் கிணற்றடியில் அண்ணி என் மனைவி வள்ளியம்மையிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "அந்தத் தொட்டி மட்டும் இல்லேன்னா உங்க வீட்டுக்காரரு இந்த ஊர்ல தங்குவாரா?" அன்றைக்குச் சாதாரணமாகத்தான் எடுத்துக்கொண்டேன். இப்போது வேறு மாதிரி கேட்கிறது. தொட்டி போனால் நான் போய்விடுவேன். நான் சிங்கப்பூருக்கே திரும்பினால், கிளம்பும் அவசரத்தில் கையெழுத்து வாங்குவது சுலபம்.

எழுதிப் பார்த்தேன். அற்பமாகத் தெரியவில்லை.

வள்ளியம்மையிடம் சொன்னேன். கடைசி வரை கேட்டாள். "ஏங்க, அந்த மனுஷன் உங்க அண்ணன்ங்க" என்றாள். அவ்வளவுதான்.

4 செப்டம்பர், செவ்வாய்

கண்ணால் பார்த்துவிட்டேன். டீக்கடைக்குப் பின்னால் அண்ணனும் வீரையனும். வீரையன் எங்கள் கிழக்கு வயலை ஒட்டிய நிலத்துக்காரன். கட்சியில் கிளைச் செயலாளர். போன வருஷம் ஆட்சி மாறியபோது வேட்டிக் கரையை மாற்றிக்கொண்டான், பதவி அப்படியே இருக்கிறது. ஊரில் முதலில் இறால் குட்டை வெட்டியவன் அவன்தான். குத்தகை கேட்கும் இறால் கம்பெனி ஆட்களைக் கூட்டி வருபவனும் அவன்தான்.

அண்ணன் கையை ஆட்டி ஆட்டி ஏதோ பேசிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் இரண்டு பேரும் நிறுத்திவிட்டார்கள். வீரையன் மட்டும் சிரித்தான். "வாங்க சிங்கப்பூர். மீனெல்லாம் சௌக்கியமா?"

மீன் சௌக்கியமில்லை என்று இவனுக்கு யார் சொன்னது?

8 செப்டம்பர், சனி

சொல்லிவிட்டேன். சொல்லியிருக்க வேண்டாமோ? இல்லை, சொல்லத்தான் வேண்டும்.

கோமாளி மீனில் பெண் இன்று காலை கடல் சாமந்தியை விட்டு வெளியே, மேல் தண்ணீரில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. காரத்தன்மை இதுவரை நான் எந்தத் தொட்டியிலும் காணாத உயரம். அண்ணி அந்த நேரம் பார்த்து முன்னறை வழியாக வந்தார். கையில் சோடா பாக்கெட், கடையிலிருந்து அப்போதுதான் வாங்கி வந்தது.

"இதை எதுக்கு அண்ணி வாங்குறீங்க?"

"எதுக்குன்னா? பருப்புக்கு."

"பருப்புக்கு இவ்வளவா? தொட்டியில எவ்வளவு போடுறீங்க?"

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "தம்பி, என்ன சொல்றீங்க நீங்க?" என்றார். நான் நிறுத்தவில்லை. என் வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். தொட்டியக் கொன்னா நான் ஓடிடுவேன்னு பாக்குறீங்க, புருஷனும் பொண்டாட்டியும் சேந்து வீரையன்கிட்ட வயலை வித்துட்டு நிக்கப் போறீங்க — இன்னும் என்னென்னவோ. தெருவில் ஆட்கள் நின்றுவிட்டார்கள்.

அண்ணி அழவில்லை. பாக்கெட்டைத் தரையில் வைத்தார். "உங்க வீட்டுக்கு நான் வாக்கப்பட்டு வந்தப்ப நீங்க அரைக்கால் சட்டை போட்டுக்கிட்டு இருந்தீங்க. உங்களுக்குச் சோறு போட்ட கை இது. இதுலயா வெஷம் வைப்பேன்?"

பின்கட்டுக்குப் போய்விட்டார். பாக்கெட் இன்னும் அங்கேயே கிடக்கிறது. யாரும் எடுக்கவில்லை.

9 செப்டம்பர், ஞாயிறு

முன்னறைக்குக் கதவும் பூட்டும் போட்டாயிற்று. இனி எல்லாரும் பின்பக்கச் சந்து வழியாகச் சுற்றிப் போகட்டும்.

13 செப்டம்பர், வியாழன்

பூட்டின அறைக்குள் ஏறுகிறது.

தண்ணீர் மாற்றினேன், ஏறுகிறது. ஆவியானதை ஈடு செய்தேன், ஏறுகிறது. சாவி என் இடுப்பில். ஜன்னல் உள்பக்கம் தாழ். அப்படியானால் —

நேற்று வரை குளிக்கப் போகும்போது சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் போனேன். அந்த நேரம் வீட்டில் இருப்பது வள்ளியம்மை மட்டும்தான்; இன்று சாவியைக் கையோடு எடுத்துப் போனேன். இரண்டு நாளாக அவள் பின்கட்டுக்குப் போய் அண்ணியோடு உட்கார்ந்திருக்கிறாள். என்ன பேசுகிறார்கள்?

எழுதிவிட்டேன். எழுதியதை அடித்துவிடலாம் போல இருக்கிறது. ஆனால் வேறு எப்படி ஏறும்?

சாப்பாடு போடும்போது அவளே கேட்டாள். "சாவியக் குளிக்கப் போறப்பவும் எடுத்துட்டுப் போறீங்க. என்னையும் சந்தேகப்படுறீங்களா? வாயத் தொறந்து சொல்லிடுங்க."

சாவியை இடுப்பில் இன்னும் உள்ளே செருகிக்கொண்டேன். பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினேன்.

16 செப்டம்பர், ஞாயிறு

நாளை திருவாரூர். கலெக்டர் ஆபீஸில் திங்கள்கிழமை மனு வாங்குவார்கள். கிழக்கு வயலை என் சம்மதம் இல்லாமல் யாருக்கும் எழுதக் கூடாது என்று கொடுக்கப் போகிறேன். கூடப் பிறந்தவர் பேரை மனுவில் எதிர்தரப்பு என்று எழுத வேண்டியிருந்தது. எழுதினேன்.

18 செப்டம்பர், செவ்வாய்

நேற்று எழுத முடியவில்லை. இன்று ஒழுங்காக எழுத வேண்டும்.

திருவாரூரில் வரிசை பெரிது. பாதிப் பேர் தண்ணீருக்காக வந்தவர்கள். குறுவை போய்விட்டது, சம்பாவுக்காவது மேட்டூரிலிருந்து தண்ணீர் கடைமடைக்கு வருமா என்று கேட்க வந்தவர்கள். நான் மட்டும் அண்ணன் மேல் மனுவோடு நின்றேன். கொடுத்தேன், முத்திரை போட்டுத் தந்தார்கள்.

நான்கு மணி வாக்கில் வீட்டுக்கு வந்தால் முன்னறைக் கதவு பிளந்து கிடக்கிறது. பூட்டு கொண்டியோடு பெயர்ந்து தரையில். கடப்பாரை பக்கத்தில்.

அப்போது எனக்குத் தோன்றியதை எழுத வெட்கமாக இருக்கிறது. "பண்ணிட்டாங்க" என்று தோன்றியது. அப்படிக் கத்திக்கொண்டேதான் உள்ளே ஓடினேன்.

உள்ளே அண்ணி முக்காலி மேல் நின்று, சமையல் குவளையால் தொட்டித் தண்ணீரை மொண்டு உயரத் தூக்கி ஊற்றிக்கொண்டிருந்தார். புடவை முழுக்க நனைந்திருந்தது. கை விரல்கள் ஊறிச் சுருங்கி வெளுத்திருந்தன. அந்தப் பக்கம் அண்ணன் ஓலை விசிறியால் தண்ணீர் மேல் வீசிக்கொண்டிருந்தார். வள்ளியம்மை நனைத்த துணியைக் கண்ணாடி மேல் சுற்றிச் சூடு ஏறாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

நடந்தது இதுதான். நான் போன கொஞ்ச நேரத்தில் கரண்ட் போய்விட்டது. இன்வெர்ட்டரில் ஏதோ கருகிய வாடை, நின்றுவிட்டது. மோட்டார் சத்தம் இல்லை என்பதை முதலில் கவனித்தவர் அண்ணி. வள்ளியம்மையிடம் சாவி இல்லை. எனக்குப் போன் செய்தார்களாம், மனு வரிசையில் எடுக்கவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தால் மீன்கள் மேலே வந்து வாயைத் திறக்கின்றன. வயலிலிருந்து அண்ணனைக் கூப்பிட்டு வந்து கதவை உடைத்திருக்கிறார்கள். நான் ஒருநாள் மொண்டு ஊற்றியது அண்ணிக்கு நினைவிருந்திருக்கிறது.

ஆண் மீன் செத்துவிட்டது. தோல் பவளம் தேறாது. பெண் மீனும் கடல் சாமந்தியும் பிழைத்தன. என் பூட்டு கொன்றது ஒன்று. அவர்கள் கை காப்பாற்றியது மிச்சமெல்லாம்.

கரண்ட் வந்ததும் அண்ணி குவளையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்க்காமல் போய்விட்டார். அண்ணன் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கடப்பாரை போட்டதில் பிசகியிருந்தது.

"எங்கடா போயிருந்த?"

சொன்னேன். எதிர்தரப்பு என்று எழுதியதையும் சொன்னேன். தோளை நீவிக்கொண்டே சொன்னார்.

"மனு குடுத்தது சரிதான். ஆனா நீ நெனக்கிறதுக்காக இல்லடா. அந்த வயல் போயிடுச்சு தம்பி. உப்பாயிடுச்சு. வீரையன் கடத்தண்ணி ஏறுற வாய்க்கால்லேருந்து உப்புத் தண்ணி எறைச்சுக் குட்டை கட்டினான்ல, அது பூமிக்குள்ள எறங்கி நம்ம பக்கம் வந்துடுச்சு. நாத்து விட்டேன், நுனியெல்லாம் கருகுது. அக்ரி ஆபீசர் உப்பு எறங்க ஜிப்சம் போடச் சொன்னாரு, போட்டேன். நீ சுண்ணாம்பான்னு கேட்டியே, அது. அவன்கிட்ட நடையா நடந்தேன், எறைக்கிறத நிறுத்துடான்னு. உங்களையும் கம்பெனிக்கே விடச் சொல்றேன், நெல்லு வௌயாத மண்ணுல இறாலாவது வௌயட்டும்ங்கிறான். வேற வழி தெரியாமத்தான் உன்கிட்ட குத்தகைப் பேச்செடுத்தேன்."

"என்கிட்ட ஏண்ணே சொல்லல?"

"நம்ம அப்பா அடமானம் வச்சத நீ போயிச் சம்பாதிச்சு மீட்ட நெலம்டா. என் கையில இருக்கறப்ப உப்பாப் போச்சுன்னு உன் மூஞ்சியப் பாத்து எப்படிச் சொல்லுவேன்?"

19 செப்டம்பர், புதன்

தூங்கவில்லை. விடிந்ததும் செய்ய வேண்டியதைச் செய்தேன்.

வயல் வீட்டுக்குப் பின்னால்தான். வயலுக்கு அடியில் குட்டையின் உப்பும் அதோடு சுண்ணாம்புக் காரமும் வந்ததென்றால் வீட்டுப் போருக்கு வராமலா இருக்கும்? நீல டிரம்மிலிருந்து ஒரு குழாய்த் தண்ணீர் எடுத்துச் சொட்டு விட்டேன். சுத்தமான ஆர்.ஓ. தண்ணீர் என்றால் முதல் சொட்டிலேயே மஞ்சளாக வேண்டும். ஆகவில்லை. விட்டுக்கொண்டே இருந்தேன். நீலமாகவே இருந்தது.

பிறகு போர் தண்ணீரையே எடுத்து, கரைந்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரை நனைத்தேன். வடிகட்டி புதிதாக மாட்டியபோது பார்த்த அளவைவிடப் பல மடங்கு. அவ்வளவு கனத்த தண்ணீரை, மின்வெட்டும் லோ வோல்டேஜுமாக அழுத்தமே ஏறாத இயந்திரம் எப்படி வடிகட்டும்? பாதியைத் தொட்டிக்கே அனுப்பியிருக்கிறது. ஆவியானதற்கு ஈடாக நான்தான் தினம் காரத்தை ஊற்றியிருக்கிறேன். சரி செய்யத் தண்ணீர் மாற்றியதும் அதே டிரம்மிலிருந்துதான். மாற்ற மாற்ற ஏறியது. கண்ணாடியில் படிந்த வெள்ளை, காரம் மிஞ்சியதால் தண்ணீரிலிருந்தே பிரிந்து உறைந்த சுண்ணாம்பு. யாரும் போட்டதில்லை.

தொட்டியைத் தினம் சோதித்தவன் டிரம்மை ஒருநாளும் சோதிக்கவில்லை. அது என் தண்ணீர், என் இயந்திரம் என்ற நினைப்பு.

நானும் வள்ளியம்மையும் கேன் தண்ணீர் குடிக்கிறோம். அண்ணன் வீட்டில் பஞ்சாயத்துக் குழாய். கரண்ட் இல்லாமல் மேல்தொட்டி நிரம்பாத நாட்களில் போர் தண்ணீர்தான். அதில் பருப்பு வேகாது. வேக வைக்கத்தான் சோடா. வள்ளியம்மை அதையும் கேட்டு வந்து சொன்னாள். ஒரு மாதமாக உப்பைக் குறைத்துப் போட்டுத்தான் சமைக்கிறாராம். "தண்ணியிலயே இருக்கே" என்றாராம் அண்ணி.

பின்கட்டுக்குப் போனேன். அண்ணி அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். "என்னை மன்னிச்சிடுங்க அண்ணி" என்றேன். முறத்தை நிறுத்தவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்துவிட்டேன்.

24 செப்டம்பர், திங்கள்

திருவாரூர் போய்ப் பழைய மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அண்ணன் பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தார். இரண்டு பேரும் சேர்ந்து புது மனு எழுதினோம். அனுமதியில்லாத குட்டை, நிலத்தடித் தண்ணீர் உப்பாகிறது என்று. வாங்கிய ஆள், "எத்தனை கெணத்துல பாத்தீங்க? உங்க ஒரு வீட்டை வச்சு எப்படி?" என்று கேட்டார். கோபம் வந்தது. ஆனால் நியாயமான கேள்வி.

29 செப்டம்பர், சனி

தொட்டிக்காக வாங்கிய சொட்டு மருந்தும் மீட்டரும் இப்போது தெருத்தெருவாகப் போகின்றன. அண்ணன் கூட வருகிறார். அவர் சொன்னால் கொல்லைக் கதவைத் திறக்கிறார்கள். குட்டைக்குப் பக்கத்துப் போர்கள் மோசம். தூரம் போகப் போகத் தேவலை. மேலத்தெருவில் இன்னும் நல்ல தண்ணீர். உப்பு எங்கிருந்து புறப்பட்டு வருகிறது என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தொட்டிக்கு மேலத்தெருத் தண்ணீர் எடுத்து வந்து வடிகட்டுகிறேன். வடித்ததை முதலில் சோதித்துவிட்டுத்தான் தொட்டிப் பக்கமே போகிறேன். காரம் மெல்ல இறங்குகிறது. அவசரப்படுத்தவில்லை.

3 அக்டோபர், புதன்

வீரையன் ஆட்கள் இரண்டு பேர் பைக்கில் வந்தார்கள். இறங்கவில்லை. "கண்ணாடித் தொட்டி வச்சிருக்கீங்களாமே. பாத்துங்க, கல்லு கில்லு பட்டுடப் போவுது" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

பயமாகத்தான் இருக்கிறது. தெருவில் யார் நின்றாலும் இவன் யார் அனுப்பிய ஆள் என்று மனசு கேட்கிறது. இந்தச் சந்தேகம் தப்பில்லை என்று நினைக்கிறேன். ஆனால் போன மாதமும் அப்படித்தானே நினைத்தேன்.

அண்ணன் கட்டிலைத் தூக்கி வந்து எங்கள் வாசலில் போட்டுக்கொண்டார்.

16 அக்டோபர், செவ்வாய்

தாசில்தாரும் மீன்வளத் துறை அதிகாரியும் வந்தார்கள். வீரையன் குட்டைக்குப் பதிவே இல்லையாம். ஊர்க்காரர்கள் வரப்பில் கூடிவிட்டார்கள். வீரையன் கரை வேட்டியோடு நின்று, "கட்சிக்காரன் பொழைக்கக் கூடாதுன்னு சிங்கப்பூர்க்காரன் கிளப்பி விடுறான். அவன் மருந்துல அவன் சொல்றதுதான் கலரு" என்றான். சிலர் தலையாட்டவும் செய்தார்கள். அதிகாரி தானே தண்ணீர் எடுத்துச் சீல் வைத்துக் கொண்டுபோனார்.

25 அக்டோபர், வியாழன்

குட்டையை வடிக்க உத்தரவு. உப்புத் தண்ணீர் இறைக்கும் மோட்டாருக்குச் சீல்.

அண்ணி இன்னும் பேசவில்லை.

1 நவம்பர், வியாழன்

புயல் மழை. இரண்டு நாளாக விடவில்லை. பாசன வாய்க்காலிலும் தண்ணீர் வந்துவிட்டது. அண்ணனும் நானும் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு கிழக்கு வயலில் மடை திறந்தோம். நல்ல தண்ணீரை நிறுத்தி, ஊறவிட்டு, வடிகாலில் வடித்து, மறுபடி நிறுத்தினோம். மேலாக நிற்கும் உப்பைக் கழுவத்தான். வடிந்த தண்ணீரை நான் மீட்டரில் பார்த்துச் சொல்வேன், அண்ணன் மடையைத் திறப்பார். முதல் வடிப்புக்கும் கடைசி வடிப்புக்கும் நன்றாக வித்தியாசம்.

"பொழைக்குமாண்ணே?"

"இந்த வருஷம் பாதி வந்தாலே போதும். மண்ணு ஒரேயடியா மாறாதுடா."

சம்பாப் பட்டம் தவறிவிட்டது. நீடாமங்கலத்துப் பக்கம் அண்ணியின் அண்ணன் குறுகிய வயசு நாற்று தருகிறேன் என்றிருக்கிறார். கேட்டு வாங்கியது அண்ணிதானாம். வள்ளியம்மை சொன்னாள்.

12 நவம்பர், திங்கள்

நட்டாயிற்று. நாளை தீபாவளி.

2 டிசம்பர், ஞாயிறு

காலையில் அண்ணி முன்னறை வாசலில் வந்து நின்றார். உடைந்த கதவைக் கழற்றியதிலிருந்து அங்கே கதவு இல்லை. அன்றைக்குப் பிறகு இன்றுதான் என்னிடம் நேராகப் பேசினார்.

"தம்பி, வீரையன் வீட்டுப் பொம்பள வந்துட்டுப் போவுது. அவுங்க வீட்டுக் கெணறும் உப்பு கரிக்குதாம். புள்ளைங்களுக்கு வயித்தால போவுதாம். பாத்துச் சொல்லுவீங்களான்னு கேக்குது."

"அவங்க வீட்டுக்கா?"

"கெணத்துக்குக் கட்சி ஏது? போய்ட்டு வாங்க."

மருந்தையும் மீட்டரையும் எடுத்துக்கொண்டு போனேன். தெருவில் எல்லாரும் பார்த்தார்கள். வீரையன் கொல்லைப்புறத்தில் தூணில் சாய்ந்து நின்றான். வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அவன் மனைவி வாளியில் தண்ணீர் சேந்திக் கொடுத்தார். குழாயில் எடுத்துச் சொட்டு விட்டேன். நீலம் மஞ்சளாக வெகுநேரம் எடுத்தது. மீட்டரையும் நனைத்துப் பார்த்துச் சொன்னேன். குடிக்க வேண்டாம், சமையலுக்கும் வேண்டாம், மேலத்தெருவிலிருந்து எடுத்து வரச் சொல்லுங்கள் என்றேன்.

வீரையன் கிட்டே வந்து குழாயை உற்றுப் பார்த்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். அந்தப் பார்வை எனக்குத் தெரியும்.

"உண்மையாத்தான் சொல்றியா?"

கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. குழாயைக் கழுவி அவன் கையில் கொடுத்தேன்.

"நீங்களே மொண்டு ஊத்துங்க. சொட்டையும் நீங்களே விடுங்க. இன்னொரு தடவ பாத்துடலாம்."

குனிந்து வாளியில் மொண்டான். பக்கத்தில் உட்கார்ந்து, அவனோடு சேர்ந்து சொட்டுகளை எண்ணினேன்.